வலிக்காத கட்டி

நாத்தனார் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். உள்ளறையிலிருக்கும் கல்யாணப் பெண்ணுக்கு, தம்பி மகளுக்கு, கேட்கக் கூடாது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் தம்பி மனைவியிடம் கேட்டாள்: "வலிக்குதா?"

"இல்ல அண்ணி."

"வலிக்காததுக்கு எதுக்கு டாக்டர்? மாருல கட்டின்னு தெரிஞ்சா, பரம்பரை வியாதின்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கை கழுவிடுவாங்க. கல்யாணம் முடியட்டும்."

கணவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். "அக்கா சொல்றதும் சரிதானே?" என்றான், பழத்தைப் பார்த்து.

அவள் தலையாட்டினாள். பயம்கூட வரவில்லை. அந்த வீட்டில் அவளுக்குக் காய்ச்சல் வருவதென்றாலும், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வர வேண்டும்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. மாடியில் மார்பகப் பரிசோதனைக்கு வரும் பெண்கள் அணியும் நீல அங்கிகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புவாள். ஊழியர்களுக்கு அங்கே இலவசம். வருடாவருடம் கூப்பிடுவார்கள். வருடாவருடம் ஒரு காரணம் இருக்கும்: மகன் பரீட்சை, மாமனார் கண் ஆபரேஷன்.

மறுநாள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்தபடி நின்றாள்.

"ஏய், துணி கருகுதுடி!" என்று ஓடிவந்தாள் மேற்பார்வை பார்க்கும் குண்டக்கா. விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள். "கல்யாணம் முடிஞ்சப்புறம் வளருன்னு கட்டிக்குப் பத்திரிகை வெச்சீங்களாக்கும்? மேல போ. நான் பாத்துக்கறேன்."

போனாள். தைரியமெல்லாம் இல்லை, சொன்ன இடத்துக்குப் போய்ப் பழகிய கால்கள்.

காத்திருக்கும் அறையில், நீல அங்கியோடு, கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்தபடி மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். போன வாரம்தான் வீட்டுக்கு வந்து, "உங்க குடும்பத்துல வியாதி ஏதும் இல்லையே?" என்று விசாரித்துப் போயிருந்தாள்.

"சம்மந்தி, சொல்லிடாதீங்க. பொண்ணு வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு பையன் சத்தியம் வாங்கியிருக்கான்."

"பொண்ணு வீடு நான்தாங்க."

அந்தம்மா கைக்குட்டையை இறக்கினாள். "உங்களுக்குமா?"

"கட்டி. வலிக்கல."

"எனக்கும் வலிக்கல. அதனாலதான் ரெண்டு வருஷம் விட்டுட்டேன். இப்ப டாக்டர் திட்டுறார்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து அந்தம்மாவைக் கூப்பிட்டாள். "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

அந்தம்மா கைக்குட்டையை மறுபடி முகத்துக்கு உயர்த்தினாள்.

"நான் வந்திருக்கேன். இவங்க என் சம்மந்தி," என்றாள் அவள், வாசல்வரை கேட்கும்படி. "இவங்க முடிஞ்சதும் என்னைக் கூப்பிடுங்க."