கடித்து வைத்த ரொட்டி

ரொட்டியில் பூஞ்சணம் பூத்துவிட்டது. பாவாயி எதிர்பார்த்ததுதான். ஆடி மாசத்தில் இந்த மலையூர் கொட்டச்சேட்டில் செருப்பு பூக்கும், பெல்ட்டு பூக்கும், சாமி படத்துக்குப் பின்னால் சுவரே பூக்கும். இதில் ஒரு ரொட்டியை ஆணியில் மாட்டிவிட்டு, ஆள் வரும்வரை எடுக்கக் கூடாது என்றால் அது என்ன செய்யும்.

மாட்டியவள் மருமகள் சுல்பியா. உஸ்பெகிஸ்தான்காரி. அந்த நாட்டுக்கு டாக்டர் படிப்பு படிக்கப் போன நம்மூர்ப் பிள்ளைகளுக்கு பாவாயியின் மகன் பொன்னுவேல் மெஸ்ஸில் சமைத்தான். அங்கே ரொட்டி சுட வந்தவளைக் கட்டிக்கொண்டான். மெஸ்ஸை மூடியதும் இவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். இருக்கிற காப்பித் தோட்டம் மூன்று வயிற்றுக்குப் போதவில்லை. மாசியில் கத்தாருக்குச் சமையல் வேலைக்குக் கிளம்பினான். பை தோளில் ஏறிய பிறகு இவள் தட்டகல ரொட்டி ஒன்றை அவன் வாயருகே நீட்டினாள். நடுவில் ஆணி முனைகளால் குத்திய பூ. அவன் ஒரு கடி கடித்தான். மிச்சத்தை நூலில் கோத்து, சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டாள்.

"எச்சப் பண்டத்தச் சாமிகிட்டயா மாட்டுவ?"

"எங்க ஊர்ல இப்படித்தானுங்க அத்தை. திரும்பி வந்து மிச்சம் அவங்கதான் சாப்பிடணும். அண்ணன் ரஷ்யா போனாங்க. ரெண்டு வருசம் தொங்குச்சுங்க. வந்தாங்க, டீயில நனைச்சு சாப்பிட்டாங்க."

தமிழ் பொன்னுவேலிடம் கற்றது. எல்லாருக்கும் 'ங்க' போடுவாள். பூனைங்க பால் குடிச்சிட்டாங்க என்பாள்.

இது ஒன்றா. பங்காளி காளியண்ணன் வந்தபோது அரை டம்ளர் டீ கொடுத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார், பாவாயியைப் பார்த்தார், ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய் வழியெல்லாம் சொல்லிவிட்டார். கேட்டால், பாதி ஊற்றினால்தான் மரியாதையாம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தமாம். வீட்டு முகப்பில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்சுவர் வேண்டும் என்று ஒரு மாதம் நச்சரித்தாள். அவள் பிறந்த கீவாவில் தெருப்பக்கம் எந்த வீட்டுக்கும் ஜன்னல் கிடையாது. எல்லாம் உள்ளே திரும்பி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். செல்போனில் படம் காட்டினாள். அடி பெருத்து மேலே சரிந்த மண் கோட்டை, அதற்குள் முற்றத்து வீடுகள், கூரையைத் தாங்கும் செதுக்கிய மரத்தூண்கள். நடுவே நீலமும் பச்சையும் ஓடு பதித்த ஒரு கோபுரம், தானியக் குதிர் மாதிரி குண்டாக, பாதியில் நின்றிருந்தது.

"ஏன் பாதியில வுட்டுட்டாங்க? மேஸ்திரி ஓடிட்டானா?"

"ராஜா செத்துட்டாங்க. அப்புறம் யாரும் கட்டலைங்க."

"மண்ணுல கட்டுனது கரையாம நிக்குது பாரு."

"அங்க மழை இல்லைங்க."

அதைத்தான் பாவாயி சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே மழை இல்லை. அங்கே ரொட்டி ஓடு மாதிரி காயும். இங்கே அப்படியா. பக்கத்து வீட்டு ராசாத்தி வேறு தினம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். "ஏனுங்கக்கா, ரொட்டிய மாட்டி வெச்சா ஊட்டுக்காரன் வந்துருவானா? நானும் ஒரு இட்டிலிய மாட்டி வெக்கறேன். என்ற ஆளு பொழுதோட ஊடு வந்து சேர்றாரான்னு பாக்கலாம்."

சிரிக்கலாம். பொன்னுவேல் போன் பண்ணிக்கொண்டிருந்தால் பாவாயியும் சிரித்திருப்பாள். ஆடி பிறந்ததிலிருந்து போன் இல்லை. இங்கிருந்து கூப்பிட்டால் அரபியில் ஒருத்தி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் தம்பி கத்தாரில் இருக்கிறான், ரைட்டரிடம் விசாரிக்கிறேன் என்று சுல்பியா காலை பஸ்ஸில் போயிருந்தாள். போகும்போது ரொட்டியை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். பாவாயியைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

பாவாயி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். இன்றைக்கு இதைத் தூக்கிக் காப்பிச் செடிக்கடியில் வீசிவிடுவது என்று முடிவு. பாதி பச்சை, பாதி கறுப்பு. போன் வராத வீட்டில் இது ஒன்று கண்முன்னே அழுகிக்கொண்டு தொங்க வேண்டுமா. நூலை அறுத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே பனி, எதிர்ப்புறத்துச் சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. கையை ஓங்கும்போது கடித்த இடம் விரலில் பட்டது. திருப்பிப் பார்த்தாள்.

பல் பதிந்த வளைவில் ஓரிடத்தில் மாவு சின்னதாகத் துருத்திக்கொண்டிருந்தது. முன்பல்லில் ஒரு மூலை உடைந்த வாய் அது. சின்ன வயசில் பொன்னுவேல் ஆரஞ்சு மரத்திலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டான். அன்றைக்கு இவளேதான் அந்தப் பல்லுக்குச் சேர்த்து முதுகில் இரண்டு வைத்தாள்.

அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. வீசினால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. இது அவள் ஊர் வழக்கம், நம் வழக்கமா? ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் நம்பிக்கை அவளோடு கிடக்கட்டும் என்று பார்த்தால் நம் தலையிலும் ஏற்றிவிட்டாளே என்று முனகிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

மதியத்துக்கு மேல் சுல்பியா வந்தாள். நனைந்திருந்தாள். முதலில் ஆணியைப் பார்த்தாள். அங்கே நூல் நுனி மட்டும் இருந்தது.  கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இங்க இருக்குது, வா" என்று சமையலறையிலிருந்து பாவாயி சொன்னாள்.

அடுப்படியில் உட்கார்ந்து கத்தியால் பூஞ்சணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கடித்த பக்கத்தைத் தொடவில்லை. "உங்க ஊரு மாதிரியே நெனச்சிட்டு மாட்டுனா ஆச்சா? ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? மக்காச்சோளத்த நாங்க எங்க கட்டி வெக்கறோம்னு பாத்திருக்கியா நீ?" கத்தியைக் கீழே வைத்தாள். "ரைட்டர் என்ன சொன்னாரு?"

"தம்பிக்கும் தெரியலைங்க. கம்பெனில கேட்டுச் சொல்றாங்களாம்."

பாவாயி எழுந்தாள். "புடி" என்று ரொட்டியை நீட்டினாள். அடுப்புக்கு மேலே மூங்கிலில், பூஞ்சணம் பிடிக்காமல் புகையில் சோளக் கதிர்கள் கட்டியிருந்த இடத்தில் ஒரு கம்பியைச் சுற்றி, ரொட்டியைத் திரும்ப வாங்கி மாட்டினாள். ஈர விறகு. புகை இருவர் கண்ணிலும் ஏறியது. சுல்பியா எட்டி, கடித்த பக்கம் வாசலைப் பார்க்கும்படி ரொட்டியைத் திருப்பினாள்.

சூட்டில் அது மெல்லச் சுற்றியது. வாசலைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, அடுப்பைப் பார்த்தது. பாவாயி எரிச்சலோடு எழுந்து அதைப் பிடித்து நிறுத்தினாள். கையை எடுத்தாள். மறுபடி சுற்றியது.