வரி வரியாக

“லிங்க். பி அண்டர்ஸ்கோர் ஜீரோ ஃபோர் டாட் ஜிஃப். லிங்க். பி அண்டர்ஸ்கோர் ஜீரோ ஃபைவ் டாட் ஜிஃப்.” ஹெட்ஃபோனுக்குள் அந்த அமெரிக்கக் குரல் சலிப்பே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனது. மஹதி டேப் விசையைக் குத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அது என்ன படம் என்று இரண்டு வார்த்தை எழுதி வைக்க அந்தப் பக்கத்தைச் செய்தவனுக்குக் கை வரவில்லை. பார்வையற்றவர்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பெங்களூர் நிறுவனம் அது. அதன் பக்கமே இப்படி! அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

ஓராண்டுப் பயிற்சி, தங்க ஹாஸ்டல், முடித்ததும் அங்கேயே வேலை. ஏப்ரலில் அடையாறில் நடந்த நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருந்தாள். மே கடைசியில் தேர்வானவர்களின் பெயர்களை நெட்டில் போட்டார்கள். அண்ணன் ஜெயராம்தான் தன் வங்கியில் நண்பனின் கணினியில் பார்த்துவிட்டு வந்து, “உன் பேர் இல்லடி, விடு” என்றான். இரண்டு நாள் அழுதாள். பிறகு, அடுத்த வருடத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்க முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டியிருந்தது. அதையும் அண்ணனிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் இந்த சனிக்கிழமை காலை கோலைத் தட்டிக்கொண்டு லஸ்ஸில் இருக்கும் வலியுல்லாவின் பிரவுசிங் சென்டருக்குத் தனியாக வந்திருந்தாள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் மாதிரிப் பிரதியைத் தன் கடைசிக் கணினியில் போட்டு வைக்க அவர் சம்மதித்திருந்தார். மாதிரி என்பதால் நாற்பது நிமிடம்தான் பேசும். அதன்பின் வாயை மூடிக்கொள்ளும். கணினியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும்.

இங்கே அவள் போன கணினி வகுப்பில் ஸ்ரீரங்கன் சார் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: எல்லாவற்றையும் படிக்காதே, டேப்பை அழுத்தி லிங்க் லிங்க்காகத் தாண்டிப் போ, நேரம் மிச்சம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு திரை முழுவதையும் ஒரு வீச்சில் பார்த்துவிடுகிறவருக்கு அது சரிதான். அறுபத்து மூன்று லிங்க்குகளைத் தாண்டி முடித்தபோது பக்கத்தின் தலைக்கே திரும்பி வந்து நின்றாள். எந்த லிங்க்கை அழுத்தினாலும் இன்னொரு ஜிஃப் கூட்டம். இரண்டு முறை தொலைபேசி இணைப்பு அறுந்தது. மூன்றாவது முறை இணைப்பு கிடைத்துப் பக்கம் இறங்குவதற்குள் குரல் நின்றுபோனது.

“இன்னாம்மா, தூங்கிடுச்சா?” என்று வலியுல்லா வந்து கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார். “நான் வேணா பாத்து சொல்லட்டா? ஒரு நிமிசம்தான் ஆவும்.”

“வேண்டாம் பாய்.” அவளுடைய குரலின் சூடு அவளுக்கே கேட்டது. “நானே பாத்துக்கறேன்.”

இந்த முறை டேப்பைத் தொடவில்லை. கீழ் அம்புக்குறியில் விரலை வைத்தாள். ஒவ்வொரு வரியாக, ஒன்றையும் விடாமல். நிறுவனத்தின் நோக்கம், நிறுவனரின் செய்தி, யாரோ ஓர் அமைச்சர் திறந்துவைத்த கட்டடம். எல்லாக் குப்பையையும் கேட்டாள். லிங்க்குகளுக்கு நடுவே இவ்வளவு எழுத்து கிடக்கிறது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. டேப் லிங்க் அல்லாத எதன்மேலும் நிற்காமல் தாண்டிப் போயிருந்தது. பிறகு பெயர்கள் வந்தன. பன்னிரண்டு பெயர்கள் என்றது குரல். நான்காவது, “எஸ் மஹேத்தை, மட்ராஸ்.”

அவள் விரல் நின்றது. மஹேத்தையா? மேல் அம்புக்குறி, மறுபடி கீழ். அதே மஹேத்தை. வலது அம்புக்குறியை அழுத்தி எழுத்து எழுத்தாகக் கேட்டாள். எம். ஏ. எச். ஏ. டி. எச். ஐ. அதன் கீழே: தேர்வானவர்களுக்குக் கடிதம் தனியே அனுப்பப்பட்டுள்ளது, ஜூன் பத்தாம் தேதி வியாழக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். இன்று பன்னிரண்டு. அதற்கும் கீழே தொலைபேசி எண் இருந்தது. மூன்று முறை கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றியபோது காது கொதித்தது.

கச்சேரி ரோட்டில் வழியில் நின்றிருந்த சைக்கிளைக் கோலால் ஓங்கி அடித்துவிட்டு நடந்தாள். யாரோ திட்டினார்கள். திட்டட்டும்.

வீட்டில் அப்பா சுந்தரராமன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் அதைத் திருகி அணைத்தாள்.

“பெங்களூர்லேர்ந்து வந்த லெட்டர் எங்கப்பா?”

பதில் இல்லை. அம்மா இறந்த ஆறு வருடத்தில் அவருடைய மௌனங்களை அவள் நன்றாகப் பழகியிருந்தாள். தெரியாததற்கு ஒன்று, சொல்ல விரும்பாததற்கு ஒன்று. இது இரண்டாவது. நாற்காலி முனகியது. பீரோ திறந்தது. புடவைகளுக்கு அடியிலிருந்து காகிதம் உருவப்படும் சத்தம். அதை அவள் கையில் வைத்தார். வழவழப்பான தாள், மேலே விரலுக்குத் தட்டுப்படும் முத்திரை. மற்றபடி அவளுக்கு அது வெற்றுத் தாள்.

“ஜெயராம்தான் வேண்டாம்னான்,” என்றார். “நேக்கும் அதுதான் சரின்னு பட்டுது. நீ அங்க தனியா என்னம்மா பண்ணுவே?”

“என்கிட்ட கேட்டேளா?”

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சனிக்கிழமை அரை நாள், ஜெயராம் வந்துவிட்டான். அப்பாவும் மகளும் நின்ற நிலையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றும் சத்தம் பாதியில் நின்றது.

“யாரு படிச்சுக் காட்டினா?” என்றான்.

“நானே படிச்சேன்.”

“மஹதி, கொஞ்சம் பொறுமையா கேளு. ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா தூக்க யாரு இருக்கா? இங்க ஒனக்கு என்ன கொறைச்சல்? எது வேணும்னாலும் நான் படிச்சுச் சொல்லலையா?”

“சொன்னே. ஏழு வருஷமா சொன்னே.” அவளுக்கு மூச்சு இரைத்தது. “என் எம்.ஏ. மார்க் அறுபத்தெட்டுன்னு சொன்னியே, அது நெஜமா? கண்ணு இனிமே வராதுன்னு டாக்டர் எழுதினதா படிச்சியே, அது அவர் எழுதினதா, நீ எழுதினதா? அம்மா ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்கு எழுதின லெட்டர்ல நீ எத்தனை வரியை முழுங்கினே?”

“அபாண்டமா பேசாதே!”

“நேக்கு எப்படிடா தெரியும்?” என்று கத்தினாள். அவள் அவனை ‘டா’ போட்டதே இல்லை. “சொல்லு, இனிமே நேக்கு எப்படித் தெரியும்?”

அப்பா யாரையோ சமாதானப்படுத்துவதுபோல “சரி, சரி” என்றார். மஹதி கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு கோலைத் தேடினாள். ஜெயராம் அதை எடுத்துக் கொடுக்கக் குனிந்தது தெரிந்தது. அதற்கு முன் அவளே அதைச் சுவரோரம் கண்டெடுத்தாள்.

“எங்க போறே? லெட்டர்ல இருக்கற நம்பரைப் படிச்சுச் சொல்ல யாராவது வேண்டாமா?”

“நம்பர் நேக்குத் தெரியும்.”

வீட்டுத் தொலைபேசியில் வெளியூர் அழைப்பைப் பூட்டி வைத்திருந்தார்கள். தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் முன்னால் நின்றவர் வெளியே வரும்வரை காத்திருந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெயிலில் கண்ணாடிக் கூண்டு வெந்துகொண்டிருந்தது. எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மணி ஐந்தாவது முறை அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள். மஹதி தன் பெயரைச் சொன்னாள். வியாழக்கிழமை வராதது தன் தவறில்லை, கடிதத்தை மறைத்துவிட்டார்கள், இன்றைக்குத்தான் தெரிந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டாள். அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைக் கூப்பிட்டாயிற்று என்று நினைக்கிறேன், லைனில் இருங்கள், உள்ளே கேட்டு வருகிறேன் என்றாள்.

ரிசீவர் மேசைமேல் வைக்கப்பட்டது. தொலைவில் யாரோ நடந்து போனார்கள். ஒரு கதவு திறந்தது.

அப்போது அவளுக்குப் பின்னால் யாரோ விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார்கள். “மஹதி, கதவைத் தொற. நான் பேசறேன் அவாகிட்ட. மஹதி!” ஜெயராம் ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்குகிறது. மறுபடி தட்டினான், இப்போது உள்ளங்கையால்.

மஹதி கதவின்மேல் முதுகைச் சாய்த்துக் கால்களை அழுத்தி ஊன்றிக்கொண்டாள். ரிசீவரை மற்றொரு காதுக்கு மாற்றினாள். ஒவ்வொரு தட்டும் கண்ணாடி வழியாக அவள் தோள்பட்டையில் அதிர்ந்தது. பெங்களூரில் எங்கோ ஓர் அறையில் யாரோ நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்தார்கள்.