தட்டியவனுக்குத் திறக்காத கணினிகள்

பிளவ்டிவ் நகர நாடக விழாவின் டிக்கெட் விற்பனை நண்பகலில் தொடங்க வேண்டும். அதை நடத்தித் தரும் பொறுப்பு தமோவ் குடும்ப நிறுவனத்துடையது. விற்பனை நின்றுபோனால், வர்பன் தமோவ் கட்டிக்காத்த பெயர் நாளைக்கே நாலு பேர் வாயில் அரைபடும். அவர் முதுகு வளையாமல் மருமகள் ரலிட்சாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

கீழே தெருக்கதவை யாரோ தட்டினார்கள். ரலிட்சா நிமிர்ந்து பார்த்தாள்.

“விடு, போயிடுவாங்க. வேலையைப் பாரு.”

கிளவுடில் வாடகைக்கு எடுத்த நான்கு கணினிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் வருகிறவர்களை அவற்றுக்குப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சர், நான்கும் செத்துவிட்டன என்று சாதித்தது.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. நீங்க கை வச்சீங்களா மாமா?”

“காவல்தான் வச்சேன். ஊர் பேர் தெரியாத எவனோ நம்ம கணினிங்களைச் சும்மா சும்மா தட்டிக்கிட்டே இருந்தான். ஃபயர்வால்ல அவனைத் தடுத்துட்டேன். கண்டவனுக்குக் கதவு திறக்கிற குடும்பமா நம்மளது?”

ரலிட்சா நெற்றியில் கை வைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“தட்டினதே லோடு பேலன்சர்தான் மாமா. உயிரோட இருக்கியான்னு கேட்கும். பதில் வரலைன்னா செத்துட்டான்னு முடிவு பண்ணி, டிக்கெட் வாங்க வர்றவங்களை அங்க அனுப்பாது. நலம் விசாரிக்க வந்தவனைத் திருடன்னு துரத்தியிருக்கீங்க.”

லோடு பேலன்சரின் முகவரிகளை மட்டும் அனுமதித்து ஃபயர்வால் விதியைத் திருத்தினாள். திரையில் கணினிகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. விற்பனை தொடங்கியது.

விழாக்காரர் ஃபோனில் கேட்டார்: “இவ்வளவு நேரம் தளம் திறக்கலையே, யாரோட தப்பு அது?”

“எங்க வீட்டுக் கதவு ஒண்ணு சாத்திக் கிடந்துச்சு. திறந்துட்டோம்” என்று சொல்லி ரலிட்சா ஃபோனை வைத்துவிட்டாள். மாமனார் பக்கம் திரும்பாமலே, “மீன் ஆறுது மாமா, சாப்பிட வாங்க” என்றாள்.

இன்று குருத்தோலை ஞாயிறு. வில்லோ மரத்தின் பெயரான வர்பன் என்ற பெயருள்ளவர்களுக்குப் பெயர்நாள், பிறந்தநாள் போல. பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வேண்டியவர்கள் தாமாக வருவார்கள். மனைவி எலென்கா இறந்ததிலிருந்து அவர் யாருக்கும் தெருக்கதவைத் திறந்ததில்லை; வீட்டார் பின்வாசல் வழியாகவே போய்வந்தார்கள். வருகிறவர்கள் தட்டிப் பார்த்துப் போய்விடுவார்கள்.

மறுபடி கதவு தட்டும் சத்தம். வர்பன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். தாழ் துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. காலையில் ரலிட்சா வெளியிலிருந்து மாட்டிய வில்லோக் கிளை வளையம் கதவோடு ஆடியது.

பக்கத்து வீட்டு ஸ்லாவி ரக்கியா மது பாட்டிலோடு திரும்பிப் போகக் கால் எடுத்திருந்தார்.

“உயிரோடதான் இருக்கியா வர்பா? மூணு வருஷமா தட்டுறேன்.”

“இருக்கேன்” என்றார் வர்பன். கதவை அகலத் திறந்து, “உள்ள வா. மருமக மீன் பண்ணியிருக்கா.”