காலி எடை

டயாபரைத் தராசில் வைத்துவிட்டு எண் நிற்கும்வரை காத்திருந்தான். நூற்றெழுபது கிராம். காலி டயாபர் இருபத்திரண்டு போக, நூற்று நாற்பத்தெட்டு. தாளில் எழுதினான். பார லாரியை எடை மேடையில் ஏற்றி, வண்டியின் காலி எடையைக் கழிப்பதுதான் அவன் பிழைப்பு. இங்கே ஆஸ்பத்திரியில் கிராமில் கழித்துக்கொண்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் உடைந்துவிடுவான் என்று சிஸ்டர்தான் இந்த வேலையைக் கொடுத்திருந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாறு நாள் மகன். வீட்டில் இருந்த முதல் வாரம் அவனைப் பற்றி அப்பன்காரன் பீற்றிக்கொள்ளாத ஆளில்லை. ஒரு நாளைக்குப் பதினாலு தடவை நனைக்கிறான், இவன் மூத்திரத்திலேயே ஒரு தோட்டம் போடலாம் என்று லாரி டிரைவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். பிள்ளை வற்றிப் போனபிறகுதான் தூக்கி ஓடிவந்தார்கள். சிஸ்டர் சிறுநீருக்குத் தனியாக ஒரு சின்னப் பை ஒட்டினாள். பை காய்ந்தே கிடந்தது, டயாபர் மட்டும் கனத்தது. மூத்திரம் என்று கொண்டாடியதெல்லாம் பேதி. வெறும் தண்ணீராகப் போனதில் யாருக்கும் தெரியவில்லை. பாலை நிறுத்தியும் அது நிற்கவில்லை.

பிள்ளை, அவன், மனைவி மூன்று பேரின் ரத்தப் பரிசோதனை முடிவும் இன்று காலையில் வந்தது. மார்பில் பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மனைவி பீய்ச்சப் போயிருந்தாள். குடலுக்குள் சத்தை உறிஞ்சும் இழைகள் இந்தப் பிள்ளைக்குச் சரியாக உருவாகவே இல்லை என்றார் டாக்டர். இனி நரம்பு வழியாகத்தான் ஊட்டவேண்டும், அந்த நரம்புகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன.

"யாருகிட்டேருந்து வந்துச்சு டாக்டர்?"

"ரெண்டு பேருகிட்டேருந்தும். ஆளுக்கு ஒரு பழுதான மரபணு. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் பண்ணாது, அதான் நீங்க நல்லா இருக்கீங்க. இவனுக்கு ரெண்டும் சேந்துடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "மொதப் பொண்ணுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

முதல் மகள் பத்தொன்பது நாள்தான் இருந்தாள். அன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது மனைவியைப் பார்த்து, உன் பால்தான் சேரல என்று சொன்னவன் இவன். அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். இந்த முறை கருத்தரித்த நாளிலிருந்து காரம், எண்ணெய் எதையும் தொடாமல் பாதியாக இளைத்திருந்தாள்.

மத்தியானம் கடைசி நரம்பும் மூடிக்கொண்டது. சிஸ்டர் ஈரமானதை எடுத்துவிட்டுப் புது டயாபர் கட்டினாள். பத்து நிமிடம் கழித்து டாக்டர் இதயத் துடிப்புக் கருவியின் சத்தத்தை அணைத்தார். மகனின் மூடிய கைக்குள் மனைவியின் விரல் அப்படியே இருந்தது.

அவன் குனிந்து அவள் காதருகே சொன்னான்.

"உன் பால் இல்லம்மா. என்கிட்டயும் இருந்திருக்கு."

அவள் நிமிரவில்லை.

"மூத்தவளுக்குமா?"

"ம்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"காலைல."

அவள் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் விரலை எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவனுக்கு.

சிஸ்டர் பிள்ளையைத் துடைத்து, டயாபரை அவிழ்த்து ஓரமாக வைத்தாள். பழக்கத்தில் அவன் கை அதை எடுத்துத் தராசில் வைத்தது. இருபத்திரண்டு. பேனாவைத் திறந்தவன், என்ன எழுதுவதென்று தெரியாமல் திரும்பினான்.

மனைவியின் ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்துகொண்டிருந்தது. அவள் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.