ஆணியில் தொங்கிய சிவப்பு அட்டை

சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாவது வரிசையில் பதினோரு வருஷமாகக் காலர் தைப்பவளுக்கு எல்லோரும் வைத்த பேர் காலர் அக்கா. அவளுடைய முகம் இப்போது சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. 'நம் நலத்திட்டம் தந்த புது உயிர்' என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் பெற்ற பிள்ளைக்கு யார் பேர் வைப்பது?

நலத்திட்டம் என்பது என்ன? எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று. அதுவும் அலுவலக அறைக்குள் இருக்கிறது. தைக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம் வேலையே கிடையாது. பிறகு, 'நிறையத் தண்ணீர் குடிப்போம்' என்று ஒரு நோட்டீஸ். அதை ஒட்டியிருந்த இடம் கழிப்பறைக் கதவு. அந்தக் கதவு வரைக்கும் போவதுதானே பெரும்பாடு.

போக வேண்டுமானால் சிவப்பு அட்டை வேண்டும். வரிசைக்கு ஒன்றுதான், சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வரிசையில் இருபத்தெட்டு பெண்கள். ஒருத்தி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டு வந்து திரும்ப ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதனால் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. குடிக்காமல் இருப்பதை ஒரு சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவளுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்பே, உதட்டை மட்டும் நனைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். காலர் அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு வருஷம் முழுக்க அட்டையைத் தொடாததற்காகக் கைதட்டலோடு ஒரு கோப்பை வாங்கி, வீட்டு அலமாரியில் நாலு பேர் பார்க்க வைத்திருந்தாள். இப்போது நினைத்தால் தன்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது அவளுக்கு.

உடம்பு சும்மா விடுமா? காலையில் வெறும் வயிறு, பத்து மணிக்குச் சர்க்கரை தூக்கலாக அரை டம்ளர் டீயும் ஒரு பன்னும், மதியம் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும் நாலு வாய். சாயங்காலம் வீட்டுப் படி ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். நீர்க்கடுப்பு, இடுப்புவலி, காய்ச்சல் என்று மூன்று தடவை மருந்து வாங்கினாள். நாலாவது தடவை டாக்டரம்மா மருந்து எழுதிவிட்டு, சீட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இதை விழுங்கறதுக்காவது தண்ணி குடிப்பியாம்மா?"

கூட வந்திருந்த பஸ் மெக்கானிக் கணவன் திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தான். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவனை ஊரெல்லாம் திட்டுகிறேன், வீட்டிலேயே ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறதே என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் உறைத்தது.

மறுநாளிலிருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினாள். பன்னுக்குப் பதில் வேகவைத்த பயறும் ஒரு பழமும் கொண்டுபோனாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். முதல் வாரம் கஷாயம் குடிப்பது போலத்தான் இருந்தது. திரும்பும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். எல்லாம் அவள் கையில் இருந்தது, தண்ணீரைத் தவிர. தண்ணீர் குடித்தால் அட்டை வேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை எழுந்துபோய் எடுத்தாள். சூப்பர்வைசர் முறைத்தான், பக்கத்து மெஷின்காரிகள் முணுமுணுத்தார்கள். காலரில் ஒன்றுகூடக் குறையாததால் யாராலும் வாயைத் திறக்க முடியவில்லை. நாலு மாதத்தில் வலி போயிற்று. முகம் தெளிந்தது. படியேறி வந்தபிறகும் துணி துவைக்கத் தெம்பு மிச்சமிருந்தது.

அந்த முகத்தைத்தான் படமெடுத்து மாட்டியிருந்தான் நல அதிகாரி. வந்து இரண்டே மாதமான இளைஞன். மணிக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கோடு போட்ட பெரிய பாட்டில் ஒன்று எப்போதும் அவன் கையில் இருக்கும். படம் மாட்டிய அதே வாரம் அவன் கையெழுத்தோடு புது உத்தரவும் வந்தது. ஒருத்திக்கு ஒரு நாளில் இரண்டு முறைதான் அட்டை. இரண்டு முறை என்றால் பழையபடி உதட்டை நனைக்க வேண்டியதுதான். பழையபடி நீர்க்கடுப்பு, பழையபடி காய்ச்சல். பாடுபட்டு மீட்ட உடம்பை மறுபடி பிடுங்கிக்கொள்கிறான், அதே கையால் அவள் படத்தை மாட்டுகிறான். இதைவிட ஒரு அக்கிரமம் உண்டா?

ஆரோக்கிய தினத்தன்று மதியம் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். அவள் படிக்க வேண்டியதை அதிகாரியே எழுதிக் கொடுத்திருந்தான். நலத்திட்டத்துக்கு மூன்று இடத்தில் நன்றி இருந்தது. முன்வரிசையில் பட்டன் தைக்கிற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி, ஒரு வாரமாக எரிச்சல் என்று அழுகிறவள். காலர் அக்கா அவளைப் பார்த்தாள், தாளை மடித்தாள். வரும்போதே ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டிருந்த சிவப்பு அட்டையை, முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள்.

"எனக்கு உடம்பு தேறினது தண்ணியால சார். அந்தத் தண்ணிக்கு இதுதான் வழி. நீங்க காலையிலருந்து எத்தனை தடவை போனீங்க?"

அதிகாரி சிரிக்கப் பார்த்தான். பாட்டிலில் முக்கால்வாசி காலியாகியிருந்தது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் அட்டையை அவன் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"இன்னிக்கு இது உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க வரிசையில இருபத்தெட்டு பேர். உங்க முறை இருபத்தொன்பதாவது. அதுவரைக்கும் அடக்கிட்டு உக்காருங்க, அப்புறம் எங்களுக்கு ஆரோக்கியம் சொல்லித் தாங்க."

கூட்டம் முடியும்வரை அவன் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை.

வரிசைக்குத் திரும்பியதும் பட்டன்காரி ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். சற்று நேரத்தில் எழுந்தாள். அட்டை எங்கே என்று சூப்பர்வைசர் கேட்டான்.

"அதிகாரிகிட்ட இருக்கு. போய் வாங்கிட்டு வாங்க," என்றாள் காலர் அக்கா, மெஷினை நிறுத்தாமலே.

அவன் போகவில்லை. ஆணி வெறுமையாகவே இருக்க, அன்று சாயங்காலம் வரை இருபத்தெட்டு பேரும் தண்ணீர் குடித்தார்கள், எழுந்து போனார்கள், வந்தார்கள்.