நீல நாடு எப்போது நுழையலாம்?

காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் சிவகாசியில் எந்த அச்சு மெஷினும் ஓயாது. அதற்கு முன்பே, நாடுகளுக்கு இடையிலான போர்ச் சட்டத்தை வைத்துத் தான் உருவாக்கிய சீட்டு விளையாட்டை அச்சடித்துவிடத் துடித்தாள் பிரீத்திகா. சட்டம் படித்தவள். அச்சகம் அப்பா சீனிவாசகத்துடையது.

"சட்டத்த வச்சு விளையாட்டா? ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கேன். சப்புன்னு இருந்துச்சுன்னா மெஷின் கெடையாது" என்றார் அவர்.

மதிய இடைவேளையில், பைண்டிங் மேசையைச் சுற்றி மூன்று நாடுகள் உட்கார்ந்தன. சீனிவாசகம் பச்சை, மெஷின் ஓட்டும் மாரிக்கண்ணன் சிவப்பு, பைண்டிங் முருகம்மாள் நீலம்.

மாரிக்கண்ணன் முதலில் பச்சை நாட்டுக் கலகக்காரர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தான். முருகம்மாள் உடனே தன் படையை நகர்த்தினாள்.

"நில்லுங்கக்கா!" பிரீத்திகா தடுத்தாள். "ஆயுதம் குடுத்தது சட்ட விரோதந்தான். ஆனா அது மட்டும் ஆயுதத் தாக்குதல் ஆகாது. அதுக்கு நீங்க படை அனுப்ப முடியாது."

அடுத்த சுற்றில் சிவப்புப் படையே எல்லை தாண்டி இரண்டு நகரங்களைப் பிடித்தது.

"இப்பவாச்சும் போகலாமா பாப்பா?"

"இது தாக்குதல்தான். ஆனா, 'என்னத் தாக்கிட்டாக, உதவிக்கு வா'ன்னு பச்சை நாடே வேண்டுகோள் சீட்டப் போட்டுக் கேக்கணும். கேட்டா அது கூட்டுத் தற்காப்பு. கேக்காமப் போனா நீங்களும் அத்துமீறினவுகதான்."

எல்லோரும் சீனிவாசகத்தைப் பார்த்தார்கள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர்.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

இன்னொரு நகரம் போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்து மேசையைச் சூழ்ந்தார்கள்.

"கேளுங்க மொதலாளி! என் படை சும்மா நிக்கி!" முருகம்மாள் மேசையைத் தட்டினாள்.

"கேக்க மாட்டாகக்கா. தலைநகரமும் நமக்குத்தான்!" மாரிக்கண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

தலைநகரம் மட்டும் மிஞ்சியபோது சீனிவாசகம் வேண்டுகோள் சீட்டை ஓங்கி அடித்தார். "என்னத் தாக்கிட்டான்! வா முருகம்மா!"

ஒரே கூச்சல். நீலப் படை பாய்ந்து, நகரம் நகரமாக மீட்டு, சிவப்பு நாட்டுக்குள்ளும் காலை வைத்தது.

"போதும்க்கா! தாக்குதல நிறுத்தத் தேவையான அளவுக்குத்தான் அடிக்கலாம். ஐ.நா. பாதுகாப்பு சபைக்கும் உடனே தகவல் சொல்லணும்."

"அநியாயமால்ல இருக்கு! இப்பத்தான சூடு பிடிக்கி!"

சீனிவாசகம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேண்டுகோள் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த மஞ்ச வெளிறிக் கெடக்கு. அதான் நேரத்துக்கு என் கண்ணுல படல."

முருகம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்ல அடர் ஆரஞ்சுல போடு பிரீத்தி. ஏலே மாரிக்கண்ணா, அச்சுப் பிளேட்டுக்குச் சொல்லு. சாயங்காலமே மெஷின்ல ஏத்திருவோம்."