நார்மல் என்று எழுதிய டியூப்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். கல்யாணமாகி ஒரு வருடம், மாப்பிள்ளை சொந்த அத்தை மகன். இப்போது மூன்று மாதம். வாந்தியும் வேலையுமாக நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை ஒரு மாதக் குழந்தையின் ரத்தம் வந்தது. தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, அடியில் புண், ஆனால் துளி சீழ் இல்லை. ரத்தத்திலோ வெள்ளணுக்கள் எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

கிருமி நுழைந்தால் காம்ப்ளிமென்ட் என்கிற புரதம் அதன்மேல் ஒட்டி, 'இதோ திருடன்' என்று காட்டிக்கொடுக்கும். அந்த அடையாளத்தைப் பிடித்து விழுங்க வெள்ளணுவின் மேல் கொக்கி மாதிரி ஏற்பி இருக்கிறது. ரத்தக்குழாயை விட்டுப் புண்ணுக்கு இறங்கவும் அதே வகை ஏற்பிகள்தான் வேண்டும். அவை இல்லையென்றால் காவல் படை தெருவிலேயே நிற்கும், திருடன் வீட்டுக்குள் சாவகாசமாகச் சாப்பிடுவான்.

ஏற்பியில் ஒட்டும் சாயத்தைக் கலந்து இயந்திரத்தில் விட்டால் திரையில் குன்று ஒன்று எழும். ஏற்பி நிறைய இருந்தால் குன்று வலது ஓரத்தில் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும். வழக்கமாகக் கை நீட்டும் பெரிய டாக்டருக்கு அன்று சளி, காய்ச்சல்; வேலைக்கு வந்திருந்தாலும் அவர் ரத்தம் ஆகாது. அவள் தன் கையிலிருந்து எடுத்து, டியூபில் 'நார்மல்' என்று தானே எழுதி ஒட்டினாள். யார் சொல்லி எழுதினாள்? அந்தக் கூடத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

குழந்தையின் குன்று இடது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. அது எதிர்பார்த்ததுதான். நார்மல் டியூபின் குன்று நடுவிலேயே நின்றுவிட்டது. சாயம் பழசு என்றார் டாக்டர். புதிதாகக் கலந்தாள், அதே இடம். கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் கெஞ்சி ஒரு டியூப் எடுத்தாள். அது வலது ஓரத்தில் கம்பீரமாகப் போய் நின்றது.

கர்ப்பத்தால் குறைந்திருக்குமோ என்று கேட்டாள்.

"கர்ப்பத்துல இது கூடத்தான் செய்யும்மா, குறையாது," என்றார் டாக்டர். "பாதி இருந்தா உனக்கு ஒண்ணும் ஆகாது. நீ உன் வீட்டுக்காரரை வரச் சொல்லு."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் பாதி என்றால், இருவரின் பழுதும் ஒன்றுசேர வயிற்றில் இருப்பதற்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. அப்போதுதான் அத்தையின் மூத்த குழந்தை ஞாபகம் வந்தது. நாற்பது நாளில் போய்விட்டது. தொப்புள் புண் கடைசிவரை ஆறவே இல்லை என்று அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கண் திருஷ்டி என்று எல்லோரும் நம்பினார்கள். தினமும் ரத்தத்தோடு குப்பை கொட்டும் இவளும் அதைக் கேட்டு உச்சுக் கொட்டினாளே தவிர, ஒரு நாளும் யோசிக்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் மதியம் கிரீஸ் கையோடு வந்தான். ஊசியைக் கண்டால் அவனுக்குத் தொடை நடுங்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் ரத்தம் சொக்கத் தங்கம், இயந்திரமே சல்யூட் அடிக்கும் என்று பீற்றிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. 'நார்மல்' என்றும் எழுதவில்லை, அவன் பெயரை மட்டும் எழுதினாள்.

குன்று எழ ஆரம்பித்தது. வலது பக்கம் போ, போ என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது நடுவில் வந்து, அவள் குன்றின் மேலேயே அச்சு அசலாக உட்கார்ந்தது.

வெளியே பெஞ்சில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவன் காத்திருந்தான்.

"என்னடி, பாஸா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்கையிலிருந்து பஞ்சை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"இன்னும் ஒரு டியூப் பாக்கி இருக்கு அத்தான்."

"இன்னும் யாருது?"

அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.